மகளுக்கு பிஸ்டல் வாங்க 2,000 வெள்ளி சேர்த்து வச்சிருக்கேன், எத வாங்கலாம்?

பினாங்கு ரைபிள் ரேஞ்ச் பிளாட்டுல இருந்து ஒரு அப்பா எழுதியிருக்காரு. பாயான் லெப்பாஸ்ல பேக்டரி வேலை, நைட் ஷிப்ட்டு. மகளுக்கு 15 வயசு, மூணாம் படிவம் படிக்குது. பள்ளி முகாம்ல ஒரு நாள் ஏர் பிஸ்டல் சுட்டுப் பாத்துருக்கா, அன்னையில இருந்து வேற பேச்சே இல்லையாம். அவரு ஓவர்டைம் பாத்து சேத்தது 2,000 வெள்ளி. இணையத்துல ஒரு ஆளு 380 வெள்ளிக்கு பிஸ்டல் தர்றேன், ஏர் கன்னுக்கு லைசென்ஸ் எல்லாம் வேணாம்னு சொல்லியிருக்கான். இன்னொரு தெரிஞ்ச ஆளு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து மலிவா "நல்ல சாமானே" எடுத்துக் குடுக்கறேன்னு சொல்றானாம். "ரெண்டுல எது நல்லது கோச், இல்ல புதுசாவே குறைஞ்ச விலையில எதாச்சும் இருக்கா? வீட்டுல வேற பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு துப்பாக்கின்னு சண்ட"னு கேட்டிருக்காரு.

அண்ணே, வணக்கம்.

உங்க கடிதத்த மூணு தடவ படிச்சேன். நைட் ஷிப்ட்டு முடிச்சிட்டு வந்து தூங்காம உக்காந்து எழுதியிருக்கீங்கன்னு தெரியுது. அதனால சுத்தி வளைக்காம மொதல்லயே சொல்லிடறேன், அந்த ரெண்டு ஆளுக்கும் இன்னைக்கே வேணாம்னு பதில் அனுப்பிடுங்க, அனுப்பிட்டு நம்பர பிளாக் பண்ணிடுங்க, அப்புறம் வந்து மிச்சத்தப் படிங்க.

ஏன்னு சொல்றேன். நம்ம நாட்டு 1960ஆம் வருச ஆயுதச் சட்டத்துல "ஆயுதம்"ங்கற சொல்லுக்கு விளக்கம் இருக்கு, அதுல ஏர் கன், ஏர் பிஸ்டல் ரெண்டும் பேரு போட்டே இருக்கு. மருந்து வெடிச்சு சுட்டாலும் காத்துல சுட்டாலும் லைசென்ஸ் இல்லாம வீட்டுல வச்சிருக்கக் கூடாது. லைசென்ஸ் வேணாம்னு சொன்னவன் ஒண்ணு தெரியாம சொல்றான், இல்ல தெரிஞ்சே உங்கள மாட்டி விடறான். சுடவே சுடாத, அசல் மாதிரி இருக்கற போலித் துப்பாக்கி வச்சிருந்தாலும் அதே சட்டத்துல குத்தம், பார்சல் பிரிச்சு பாத்தா பொம்மைதானேன்னு சொல்லி தப்பிக்க முடியாது. எல்லைக்கு அந்தப் பக்கத்து சாமான் இன்னும் மோசம். அது நிஜத் துப்பாக்கியா இருந்தா, துப்பாக்கிக் குத்தத்துக்கு தண்டனைய கூட்டின 1971ஆம் வருச சட்டம் வருது, லைசென்ஸ் இல்லாம கையில வச்சிருந்ததுக்கே 14 வருசம் வரைக்கும் ஜெயில், ஆறுக்குக் குறையாம பிரம்படி. மகளுக்கு வாங்கிக் குடுக்கப் போன அப்பா உள்ள போயிட்டா அந்தப் புள்ளைக்கு விளையாட்டும் போச்சு, படிப்பும் போச்சு. இத நான் பயமுறுத்த சொல்லல, நம்ம பையனுங்க எத்தன பேரு தெரியாமலே இதுல மாட்டியிருக்காங்கன்னு நீங்களும் பேப்பர்ல படிச்சிருப்பீங்க.

சட்டத்த விடுங்க, விளையாட்டுக் கண்ணுல பாத்தாலும் அந்த 380 வெள்ளி பிஸ்டல் பிரயோசனம் இல்ல. நீங்க அனுப்பின படத்துல இருக்கறது சின்ன கேஸ் குப்பி போட்டு இரும்பு குண்டு சுடற சாமான், பாக்க போலீஸ் துப்பாக்கி மாதிரி இருக்கும். அதோட டிரிகர இழுக்க ரெண்டு மூணு கிலோ பலம் போடணும், குறி பாக்கற சைட்ட அட்ஜஸ்ட் பண்ண முடியாது, இரும்பு குண்டு கெட்டியான இடத்துல பட்டா திரும்பி மூஞ்சிக்கே வரும். உங்க மக முகாம்ல சுட்டது வேற ஜாதி. பத்து மீட்டர் போட்டியில 4.5 மில்லிமீட்டர் ஈய குண்டு, பெல்லட்டுன்னு சொல்லுவோம், டிரிகர் கனம் 500 கிராமுக்குக் குறையக் கூடாது, பிஸ்டல் மொத்த எடை 1,500 கிராமுக்கு மேல போகக் கூடாது, ஒரே கையில பிடிச்சு 75 நிமிசத்துல 60 சூடு. பத்து பாயிண்ட் வட்டம் எவ்வளவு பெருசு தெரியுமாண்ணே, குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். நம்ம அஞ்சு காசு நாணயத்த விட சின்னது. பத்து மீட்டர்ல இருந்து அதுக்குள்ள போடணும்.

இந்த இடத்துல எல்லா பெத்தவங்களும் ஒண்ணு நெனைப்பாங்க, அவ்வளவு சின்ன வட்டத்துல அடிக்கணும்னா பிஸ்டல் ரொம்ப உசத்தியா இருக்கணும் போலன்னு. நான் இருபது வருசத்துக்கு மேல பயிற்சி குடுக்கறேன், அதுல கண்டத சொல்றேன். போட்டிக்குன்னு செஞ்ச எந்த பிஸ்டலையும், பழசா இருந்தாலும் சரி, கிடுக்கியில இறுக்கி வச்சு சுட்டா பெல்லட்டு எல்லாம் ஒரே ஓட்டையில போய் விழும். குழாய் தப்பு பண்றது இல்ல. தப்பு வர்றது மணிக்கட்டு ஆடும்போதும், விரல் டிரிகர சுண்டி இழுக்கும்போதும், சுட்ட அடுத்த நொடியே எங்க பட்டுச்சுன்னு பாக்க கைய எறக்கும்போதும்தான். இதுல ஒண்ணு கூட காசு குடுத்து கடையில சரி பண்ணக் கூடியது இல்ல. அதனால உங்க கேள்விக்கு என் நேர் பதில் என்னன்னா, மொத வருசம் பிஸ்டலே வாங்காதீங்க. கிளப்பு பிஸ்டல்ல சுடட்டும்.

கேட்டதுக்கு பதில் சொல்லாம வாங்காதங்கறாளேன்னு கோவிச்சுக்காதீங்க, நான் அப்படித்தான் வளந்தேன். செந்தூல்ல இருந்து ரெண்டு பஸ் மாறி சுடற ரேஞ்சுக்குப் போவேன், நாலு பேருக்கு ஒரே பிஸ்டல், ஒருத்தி சுட்டு முடிக்கற வரைக்கும் மத்த மூணு பேரும் பின்னால நின்னு கைய நீட்டி பிடிச்சுப் பழகுவோம். அப்ப எனக்கு அது பெரிய குறையா தெரிஞ்சுச்சு. இப்ப யோசிச்சா அந்த மூணு பங்கு நேரம்தான் என் தோள கட்டிக் குடுத்துச்சு.

சரி, லைசென்ஸ் உள்ள கிளப்ப எப்படி பிடிக்கறது. உங்க மாநில சுடுதல் சங்கத்த கேளுங்க, தேசிய சங்கம் மூலமா விசாரிச்சாலும் எந்த கிளப்புல பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள புள்ளைங்கள சேக்கறாங்கன்னு சொல்லுவாங்க. பள்ளியில முகாம் நடத்துன வாத்தியாரயும் விடாதீங்க, முகாமுக்கு பிஸ்டல் எங்க இருந்து வந்துச்சோ அங்கதான் கதவு இருக்கு. கேக்கும்போது கட்டணம் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க, புதுசா வர்ற புள்ளைங்களுக்கு குடுக்கற பிஸ்டல்ல சின்ன கைக்கு ஏத்த கிரிப், அதாவது கைப்பிடி, இருக்கா, வாரத்துல எத்தன நாளு ரேஞ்ச் திறக்கறாங்க, பெல்லட்டு அங்கேயே வாங்கலாமா, பொம்பளப் புள்ளைங்க வேற யாரும் வர்றாங்களா, இதெல்லாம் கேளுங்க. மொத நாளு நீங்க கூட போங்க, ஓரமா உக்காந்து ஒரு மணி நேரம் கவனிங்க. பிஸ்டல மேசையில வைக்கும்போது குழாய் எப்பவும் குறி அட்டைப் பக்கமே இருக்கா, உள்ள பெல்லட்டு இல்லன்னு காட்ட குழாய்ல கலர் கயிறு போட்டு வைக்கறாங்களா, யாராவது முன்னால போகணும்னா எல்லாரும் கைய எடுத்துட்டு பின்னால நிக்கறாங்களா. இத ஒழுங்கா செய்யற கிளப்பு வசதி கம்மியா இருந்தாலும் நல்ல கிளப்பு. செய்யலன்னா ஏர்கான் போட்ட ரேஞ்சா இருந்தாலும் புள்ளைய கூட்டிட்டு வந்துடுங்க.

இப்ப அந்த 2,000 வெள்ளி. மொத செலவு கண்ணு டெஸ்ட். சிரிக்காதீங்கண்ணே, பிஸ்டல் முனையில இருக்கற முன் சைட்டு தெளிவா தெரியணும், தூரத்துல இருக்கற கறுப்பு வட்டம் மங்கலா தெரிஞ்சா போதும், அதுதான் இந்த விளையாட்டோட அடிப்படை. கிட்டப் பார்வை உள்ள புள்ளைங்க கண்ணாடி இல்லாம மாசக்கணக்குல சுட்டுட்டு எனக்கு வரலன்னு அழுவாங்க. குறி பாக்காத கண்ண மூட தனி சாமான் விக்கறாங்க, அதுக்கு காசு போடாதீங்க, கண்ணாடியில ஒரு துண்டு வெள்ள அட்டை ஒட்டுனா போதும், முப்பது மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல போகாம பாத்துக்குங்க. அடுத்தது சப்பாத்து. கணுக்கால மூடாத, அடி தட்டையா இருக்கற சப்பாத்து வேணும், மெத்து மெத்துன்னு இருக்கற ஓட்டப் பந்தய சப்பாத்து ஆகாது, நிக்கும்போது உடம்ப ஆட்டும். பேட்மிண்டன் சப்பாத்தே தாராளம். காதுக்கு ஒரு ஜோடி அடைப்பான்.

மிச்ச காசு முழுசும் பெல்லட்டுக்கும் போக்குவரத்துக்கும். தலை தட்டையா இருக்கற போட்டி பெல்லட்டு வாங்கணும், அதுதான் அட்டையில வட்டமா வெட்டுன மாதிரி ஓட்டை போடும், பாயிண்ட் பாக்க சண்ட வராது. ஒரு டப்பாவுல 500 இருக்கும். ஒரு பயிற்சிக்கு எண்பதுல இருந்து நூறு சுடுவா, அப்ப ஒரு டப்பா அஞ்சாறு பயிற்சிக்கு வரும், வாரம் ரெண்டு நாளுன்னா மாசத்துக்கு ஒண்ணரை டப்பா. இத ஒரு வருசத்துக்கு பெருக்கிப் பாருங்க, உங்க ஊரு கிளப்பு விலைய போட்டு. பெல்லட்டு வாங்க காசு இல்லாம பீரோவுக்குள்ள கெடக்கற பிஸ்டல்கள நான் நெறைய பாத்துட்டேன், மனசு தாங்காது.

இன்னொண்ணு. 2024 பாரிஸ் ஒலிம்பிக்குல துருக்கிக்காரர் யூசுப் டிகேச் ஒரு கைய கால்சட்டை பாக்கெட்டுல வுட்டுக்கிட்டு, சாதாரண கண்ணாடியோட நின்னு கலப்பு இரட்டையர்ல வெள்ளிப் பதக்கம் வாங்கினாரே, உங்க மகளும் அந்தப் படத்த பாத்திருப்பா. ஒண்ணுமே இல்லாம வந்து ஜெயிச்சாருன்னு எல்லாரும் ஷேர் பண்ணாங்க. அவரு 2008ல இருந்து ஒலிம்பிக் போறவரு, கையில இருந்தது முழு போட்டி பிஸ்டல். குறைச்சது கண்ணாடியில மாட்டற சாமான்களத்தான். எதுல குறைக்கலாம், எதுல குறைக்கக் கூடாதுன்னு அவரு தெளிவா தெரிஞ்சு வச்சிருக்காரு.

ஒரு வருசம் கழிச்சு, புள்ள விடாம போறா, கோச்சும் இவளுக்கு சொந்தமா ஒண்ணு வேணும்னு சொல்றாங்கன்னா, அப்ப பிஸ்டல பத்தி பேசலாம். எப்படியும் கேப்பீங்கன்னு தெரியும், அதனால இப்பவே சொல்லி வச்சிடறேன்.

ஸ்டையர், மொரீனி, வால்தர், பைன்வெர்க்பாவ், பர்தீனி, இதெல்லாம் ஒலிம்பிக் கையில பாக்கற பேருங்க. புதுசு ஒண்ணு தோராயமா ஆயிரத்தி ஐநூறு, ரெண்டாயிரம் யூரோ, வெள்ளிக்கு மாத்திப் பாத்தா உங்களுக்கே புரியும். அதுக்குக் கீழ ஆரம்பநிலைக்குன்னே செஞ்ச ஹேமர்லி ஏபி20 மாதிரி ஒண்ணு ரெண்டு இருக்கு, ஒரு கிலோவுக்குக் கீழ எடை, சின்ன புள்ளைங்களுக்கு ஏத்தது, ஆனாலும் 2,000 வெள்ளிக்குள்ள வராது. ஆக உங்க கணக்குக்கு வழி கிளப்புக்குள்ளேயே கை மாறற பழைய பிஸ்டல்தான், அதுவும் லைசென்ஸ் மாத்தற வேலைய போலீஸ்ல முறைப்படி முடிச்சிட்டு.

பழசுல மூணு வகை கண்ணுல படும். ரசியாவுல இஷெவ்ஸ்க்ல செஞ்ச ஐஇஸட்எச் 46எம்னு ஒண்ணு, கீழ இருக்கற நெம்பு கோல ஒரு தடவ தெறந்து மூடுனா காத்து அடைஞ்சுக்கும், சிலிண்டரும் வேணாம், காத்து நெரப்பற பம்பும் வேணாம், துல்லியம் அருமையா இருக்கும். ஏழைங்க பிஸ்டல்னு நாங்க மதிச்சு வச்சிருந்த சாமான் அது. ஆனா கனம் ஜாஸ்தி, முன்னால இழுக்கும், அறுபது தடவ நெம்பறதுக்குள்ள 15 வயசு புள்ளைக்கு கை நடுங்க ஆரம்பிச்சிடும். அண்ணன் தம்பி யாராச்சும் சுடறதா இருந்தா யோசிக்காம வாங்குன்னு சொல்லுவேன், உங்க மகளுக்கு ரெண்டு வருசம் போகட்டும். ரெண்டாவது, கார்பன் டை ஆக்சைட் கேஸ் சிலிண்டர்ல ஓடற பழைய மாடல். மலிவா வரும். நம்ம ஊரு சூட்டுக்கு அது ஒத்து வராது, அந்த கேஸோட அழுத்தம் வெயிலுக்கு ஏத்த மாதிரி ஏறி எறங்கும், காலையில சைட் வச்சது மத்தியானம் வேற இடத்துல அடிக்கும், புள்ள தன் மேலதான் தப்புன்னு நெனச்சு சைட்ட திருகிக்கிட்டே இருப்பா. அத தொடாதீங்க. மூணாவது 200 பார் அழுத்தத்துல காத்து அடைச்ச சிலிண்டர் வச்சது, இப்ப எல்லாரும் சுடறது இதுதான், வாங்குனா இதுல வாங்குங்க. எலெக்ட்ரானிக் டிரிகர் இல்லாம சாதாரண இரும்பு டிரிகர் உள்ளதா பாருங்க, ரிப்பேர் செலவு கம்மி. குழாய் குட்டையா உள்ள மாடல் கிடைச்சா இன்னும் நல்லது, எடை குறையும், மக கைக்கு ஏந்தும்.

இதுல நானே பட்டிருக்கேன். மொத தடவ சொந்தமா வாங்கும்போது, வித்தவரு பேரு வேணாம், பளபளன்னு இருந்த பிஸ்டல பாத்த ஒடனே எட்டு மாசம் சேத்த காச எடுத்துக் குடுத்துட்டேன். போட்டி நாளு காலையில சாமான் செக் பண்ற இடத்துல சிலிண்டர திருப்பிப் பாத்தாங்க. அதுல தேதி அடிச்சிருக்கும், பத்து வருசத்துக்குத்தான் செல்லும். என்னோடது தேதி தாண்டி ரெண்டு வருசம் ஆகியிருந்துச்சு. உள்ள விடல. புது சிலிண்டர் விலை கேட்டுட்டு நான் அழுத அழுகை இன்னும் ஞாபகம் இருக்கு. அதனால பழசு பாக்கப் போனா மொதல்ல சிலிண்டர் தேதி பாருங்க, கூட ரெண்டு சிலிண்டர் குடுத்தா ரெண்டுலயும். அப்புறம் காத்து நெரப்பி ராத்திரி முழுக்க வச்சு காலையில அளவு எறங்கியிருக்கான்னு பாக்கணும், எறங்குனா ரப்பர் வளையம் போயிருச்சு, அது சின்ன செலவுதான், விலையில குறைச்சுக் கேளுங்க. டிரிகர்ல 500 கிராம் எடைக்கல்ல மாட்டித் தூக்கினா தாங்குதான்னு கோச்ச பாக்க சொல்லுங்க. உடம்புல அடிச்சிருக்கற நம்பரும் லைசென்ஸ்ல இருக்கற நம்பரும் ஒண்ணான்னு நீங்களே கண்ணால ஒத்துப் பாருங்க, அடுத்தவங்க சொல்றத நம்பி விடாதீங்க.

எல்லாத்துக்கும் மேல கிரிப். மரத்துல செஞ்ச அந்தப் பிடி கைக்கு சரியா உக்காரணும், சின்னது நடுத்தரம் பெருசுன்னு அளவு இருக்கு, வலது கைக்கு வேற இடது கைக்கு வேற. பெரிய ஆம்பள கை கிரிப்ப பிடிச்சு சுடற பொம்பளப் புள்ளைக்கு ஆள்காட்டி விரல் நுனி மட்டும்தான் டிரிகருக்கு எட்டும், ஒவ்வொரு சூடும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுப் போகும், என்ன பயிற்சி குடுத்தாலும் மாறாது. பேர் பெத்த பிஸ்டல் தப்பான கிரிப்போட கிடைக்குது, சுமாரான பிஸ்டல் சரியான கிரிப்போட கிடைக்குதுன்னா ரெண்டாவதத்தான் எடுக்கணும். கொஞ்சம் வித்தியாசம்னா மர புட்டி வச்சு ரொப்பி, உப்புத்தாள் போட்டு தேச்சு கைக்கு ஏத்த மாதிரி ஆக்கிடலாம், அத நான் உங்களுக்கு காட்டித் தர்றேன்.

வீட்டுல சண்டன்னு எழுதியிருந்தீங்க. அண்ணி பயப்படறதுல நியாயம் இருக்கு, நம்ம வீடுகள்ல துப்பாக்கின்னா கேங் நியூஸ்தான் ஞாபகம் வருது, அவங்க வேற எப்படி யோசிப்பாங்க. அவங்கள பேசி ஜெயிக்கப் பாக்காதீங்க, ஒரு சனிக்கிழம ரேஞ்சுக்கு கூட்டிட்டுப் போங்க. அங்க சத்தமே இருக்காது, எல்லாரும் மூச்ச அடக்கி நிப்பாங்க, கோவமா வந்த புள்ளையால ஒரு பத்து கூட போட முடியாது. பொம்பளப் புள்ளைக்கு எதுக்குன்னு கேட்டா நூர் சூர்யானி தைபிய சொல்லுங்க, நம்ம மலேசியப் பொண்ணு, 2012 லண்டன் ஒலிம்பிக்குல வயித்துல எட்டு மாசப் புள்ளையோட நின்னு ஏர் ரைபிள் சுட்டாங்க.

கிளப்புல எடம் கிடைக்கற வரைக்கும் மகள சும்மா இருக்க விடாதீங்க. அரை லிட்டர் தண்ணி பாட்டில் ஒண்ணு எடுத்து, கைய நேரா நீட்டி, சொவத்துல பென்சில்ல வச்ச ஒரு புள்ளிய பாத்து பத்து நொடி பிடிக்கட்டும், எறக்கி ஒரு நிமிசம் விடட்டும், இருபது தடவ. ஒரு மாசம் போன பின்னால பாட்டில கொஞ்சம் பெருசாக்கலாம், அவசரப்பட்டு கனம் ஏத்தாதீங்க, வளர்ற தோளு. இன்னொரு வேலையும் இருக்கு. ரெண்டு கையையும் முன்னால நீட்டி விரல சேத்து நடுவுல ஒரு சின்ன சந்து விட்டு, அது வழியா சொவர் கடிகாரத்த ரெண்டு கண்ணாலயும் பாக்க சொல்லுங்க, பாத்துக்கிட்டே ஒரு கண்ண மூடணும், அப்புறம் அடுத்த கண்ண. எந்தக் கண்ணு தெறந்திருக்கும்போது கடிகாரம் சந்துக்குள்ளேயே நிக்குதோ அதுதான் அவ குறி பாக்கற கண்ணு. வலது கைக்காரிக்கு இடது கண்ணா இருந்தா மொத நாளே கோச்சுக்கு தெரியணும், நிக்கற விதமே மாறும்.

அத பாத்துட்டு அடுத்த கடிதத்துல எழுதுங்க, எந்தக் கண்ணு, எந்தக் கை, மணிக்கட்டு மடிப்புல இருந்து நடு விரல் நுனி வரைக்கும் எத்தன சென்டிமீட்டர். கிரிப் அளவ நான் இங்க இருந்தே சொல்லிடறேன்.